காணாமல் போன எழுபத்தொன்பது பேர்

"நூத்துக்குத் தொண்ணூறு பேரு பட்டம் வாங்கறாங்களாம். காலேஜ் போர்டுல எழுதிட்டா உண்மையாயிடுமா?" என்றார் அப்பா, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே.

அரசுக் கல்லூரி விண்ணப்பத்தைத் துணி வெட்டும் மேசையில் விரித்து வைத்திருந்தாள் மகள். மாலை ஐந்து மணிக்குள் கொடுத்தாக வேண்டும். அப்பாவின் கையெழுத்துதான் பாக்கி. போட்டுவிடுவார் என்றே நம்பினாள். இல்லாவிட்டால் போன ஞாயிறு அவளை நிற்கவைத்து, "யூனிஃபார்முக்கு" என்று எதற்கு அளவெடுத்தார்?

"பாதிப் பேரு நடுவுலயே ஓடிடறாங்க. நிரூபிச்சுக் காட்டு, போடறேன்."

புள்ளியியல் படிக்கத் துடிப்பவளிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது.

அந்தக் கல்லூரிக்குச் சீருடையும் அவர்தான் தைக்கிறார், பட்டமளிப்பு அங்கியும் அவர்தான். சேரும்போது அளவு நீல நோட்டில் ஏறும். மூன்று வருடம் கழித்து அங்கிக்குக் கறுப்பு நோட்டு. கல்லூரி அலுவலகத்தில்கூட இவ்வளவு சுத்தமான ஆவணம் கிடையாது. அங்கே பெயர் மட்டும்தான். இங்கே இடுப்பளவும் உண்டு.

மூன்று வருடத்துக்கு முந்தைய நீல நோட்டை எண்ணினாள். இருநூறு பேர். இந்த வருடக் கறுப்பு நோட்டில் நூற்று இருபத்தொன்று.

"எழுபத்தொன்பது பேரைக் காணோம்பா."

"நான் சொல்லல?" ஊசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தார். "விண்ணப்பத்தை மடிச்சு வை."

வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். அவளுக்கோ மூளை அரித்தது. இத்தனை பேர் எங்கே போயிருப்பார்கள்? பெயர்களைத் தாளில் எழுதினாள்.

"இதுல பையன்க பதினொண்ணுதான். மீதி அறுபத்தெட்டும் பொண்ணுங்க. ஏம்பா?"

"எனக்கென்னம்மா தெரியும்? நான் டைலர்." மிஷினை வேகமாக மிதித்தார்.

அலமாரியில் மூன்றாவதாக ஒரு சிவப்பு நோட்டு இருந்தது. கல்யாண உடுப்பு அளவுகள். அதையும் இழுத்தாள்.

"அது எதுக்கு? அதை வை."

"சும்மா, ஒரு சந்தேகம்பா."

"பொறந்ததுலேர்ந்து இதே பேச்சு. பிரசவம் பாத்த நர்ஸையே முறைச்சவதானே நீ."

அவள் காதில் வாங்கவில்லை. தாளிலிருந்த முதல் பெயர் சிவப்பு நோட்டில் இருந்தது. இரண்டாவதும். மூன்றாவது இல்லை. நான்காவது, ஐந்தாவது, ஆறாவது இருந்தன. தோள் அளவு அப்படியே இருந்தது, உடுப்புதான் மாறியிருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணி முடித்தபோது அறுபத்தைந்து.

கால்குலேட்டரைத் தட்டினாள்.

"அப்பா, காலேஜ் யாரையும் தொலைக்கல. படிப்பு முடியறதுக்குள்ள அறுபத்தஞ்சு பேருக்கு நாமதான் கல்யாணத் துணி தச்சுக் குடுத்திருக்கோம். அவங்களைக் கழிச்சா நூத்தி முப்பத்தஞ்சு. அதுல நூத்தி இருபத்தொண்ணு பேரு பட்டம். நூத்துக்குத் தொண்ணூறு, போர்டுல இருக்கற மாதிரியே. யாரும் நடுவுல இழுத்துட்டுப் போகாம இருந்தா, முடிக்கறாங்கப்பா."

மிஷின் நின்றது. நூல் அறுந்திருக்க வேண்டும். முப்பது வருடமாக ஊசி கோத்தவருக்கு இன்று ஊசிக் காது அகப்படவில்லை.

"நிரூபிச்சாச்சு. கையெழுத்துப் போடுங்க."

பேனாவை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, சிவப்பு நோட்டை மூடப் போனாள்.

கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் போன ஞாயிற்றுக்கிழமைத் தேதி இருந்தது. தோள் பதினான்கு, இடுப்பு இருபத்தாறு, பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'மகள்'.