ஆடிப்போன படம்

"அங்கிள், உங்க கை ஆடிப்போச்சு" என்றாள் அம்ருதா, அத்தனை பேர் எதிரில்.

ஜோகுபாளையம் அபார்ட்மென்ட்டில் அன்று போட்டோ போட்டி. தலைப்பு, ஓடும் வண்டிகள். நடுவர் அம்ருதா, கேமராவும் கையுமாகவே திரிகிற பெண்.

"ஓடற வண்டியோட கேமராவும் சேர்ந்து திரும்பணும் அங்கிள். வண்டி தெளிவா நிக்கணும், பின்னால தெருதான் கோடு கோடா இழுக்கணும். ஸ்வல்ப, கொஞ்சூண்டு ஆடியிருந்தா பரவால்ல. இதுல டெலிவரி பைக்குன்னு தெரியுது, ஓட்டறவர் முகமே காணோம்."

"வயசாச்சோல்லியோ" என்று சிரித்தார் வெங்கடகிருஷ்ணன்.

முதல் பரிசு யாரோ எடுத்த ஆட்டோவுக்குப் போனது.

அவர் மனைவி ரமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பரிசுக்காக மாதக்கணக்கில் விடியலில் எழுந்து, ஃபிளாஸ்க்கில் காபி ஊற்றி, மனுஷனை அடுகோடி ரோட்டுக்கு அனுப்பியவள் அவள். 'மாமாவோட டெலிவரி பைக் படம் வருது, பாருங்கோ' என்று வாட்ஸ்அப் குரூப்பில் தம்பட்டம் அடித்தவளும் அவளேதான்.

அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அன்னிக்கு 'மொகம் துல்லியமா விழுந்திருக்கு'ன்னு குதிச்சேளே, அந்தப் படம் எங்கே? அதைக் குடுக்காம இதை எதுக்குக் குடுத்தேள்?"

"வேற வண்டி குடுக்கலாம்னா, நீதான் குரூப்ல போட்டுட்டயே. அதே பைக்கை அடுத்தடுத்து எடுத்ததுல ஆடிப்போனது ஒண்ணு இருந்தது. அதைக் குடுத்தேன்."

"நல்லதைக் காட்டுங்கோ."

சுற்றிலும் பார்த்துவிட்டு மொபைலில் அந்தப் படத்தைத் திறந்தார். தெரு முழுக்கக் கோடாக ஓட, நடுவில் பைக் மட்டும் அசையாமல் நின்றது. ஹெல்மெட்டுக்குள் முகம் பளிச்சென்று இருந்தது.

கீழ் வீட்டு உமேஷ். தினமும் இஸ்திரி மடிப்புக் கலையாமல், "ஆபீஸுக்கு லேட்டாச்சு மாமி" என்று ஓடுகிற அதே உமேஷ்.

ரமாவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"வேலை போயிடுத்தா? அவன் பொண்டாட்டி பார்கவி பாவம், தினம் டிபன் கட்டிக் குடுத்து வாசல்ல நின்னு கையாட்டறாளே."

"கம்ப்யூட்டர்ல பெரிசு பண்ணினப்போதான் எனக்கே தெரிஞ்சது. பொண்டாட்டிகிட்ட அவனே ஒருநாள் சொல்லிப்பான். என் படம் போய்ச் சொல்ல வேண்டாம்னு தோணித்து."

ரமா மொபைலை வாங்கி அந்தப் படத்தை அழித்தாள். அவரும் தடுக்கவில்லை.

நிமிர்ந்தால், சுவரில் மாட்டியிருந்த அந்த ஆடிப்போன படத்தின் முன் பார்கவி நின்றுகொண்டிருந்தாள். மற்ற படங்களின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. இருவரும் அவசரமாக அவள் அருகே போனார்கள்.

"உமேஷ் வரலையாம்மா?" என்று ரமா பேச்சுக் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமையும் ஆபீஸாம் மாமி."

சொல்லிவிட்டு, பைக்கின் ஹேண்டில் பக்கம் மஞ்சளாக இழுபட்டிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"பழைய கர்ட்டன்ல இந்தச் சாப்பாட்டுப் பையை நான்தான் தைச்சேன்" என்றாள் மெதுவாக. "முகம் தெரியாம போனது நல்லதாப் போச்சு மாமா. எனக்குத் தெரியும்னு அவருக்கு இன்னும் தெரியாது. அவர் வாயால சொல்றப்போ சொல்லட்டும்."

வெங்கடகிருஷ்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்போலேர்ந்தும்மா உனக்குத் தெரியும்?"

"அது ஆச்சு மாமா, ரொம்ப நாள். இப்பல்லாம் சாம்பார் சாதம் வைக்கறதில்ல. சப்பாத்தியைச் சுருட்டித்தான் கட்டறேன். வண்டிய ஓரமா நிறுத்தி, நின்னுக்கிட்டே சாப்பிட அதுதான் வசதி."