ஆளில்லாச் சரிவு

“அது பாறைம்மா. வெயில் பட்டா பாறையும்தான் மின்னும். அழிச்சிட்டு அடுத்த வேலையைப் பாரு.”

வரைபட அலுவலகத்தின் இயக்குநர் தலையை நிமிர்த்தாமல் கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார். அவள் அழிக்கவில்லை. செயற்கைக்கோள் படத்தில், கரும்பச்சைக் காட்டுக்குக் கீழே சரிவில், அரிசிமணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

ஆபீஸில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மற்றவர்கள் படத்தில் மலையைப் பார்த்தால், இவள் மலையில் யார் வீட்டுத் துணி காய்கிறது என்று பார்ப்பாளாம். கேன்டீன் பேச்சு.

“பாறைன்னா எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருக்கணுமே, சார்? நாலு வருஷம் முந்தி மங்கலா இருந்தது, அப்புறம் பளிச்சுன்னு ஆயிடுச்சு. கூரைத் தகரம் மாத்தியிருக்காங்க. இது வீடு.”

“மக்கள்தொகைக் கணக்குல அந்தச் சரிவுல ஒரு ஆள்கூட இல்ல.”

“அதனாலதான் உங்களைக் கேக்கிறேன்.”

சின்ன விஷயமில்லை. மழையில் மண்ணைப் பிடித்து நிறுத்துகிற காட்டுக்குக் கம்ப்யூட்டர் மதிப்புப் போடுவது, கீழே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான். ஆள் பூஜ்யம் என்றால் காட்டின் மதிப்பும் பூஜ்யம். அப்புறம் குவாரிக்காரர்கள் வெட்டலாம். வெட்டினால், அடுத்த பெருமழைக்கு மொத்தச் சரிவும் கீழே வந்து உட்கார்ந்துவிடும்.

“அந்த மலை எனக்கு அத்துப்படி. அங்க யாரும் இல்லைன்னா இல்ல!”

பக்கத்து மேஜைகளில் கீபோர்டு சத்தம் நின்றது. காதுகள் மட்டும் நீண்டன.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “நேத்து லீவு போட்டுட்டு நேர்லயே போய்ப் பார்த்துட்டு வந்தேன், சார்.”

பேனா நின்றது.

“ஒரு பெரியவர், தனியா இருக்கார். காட்டை வெட்டினா இங்க இருக்க முடியாது, பிள்ளைங்க வீட்டுக்குப் போயிடுங்கன்னேன். ‘ஒரே பையன்மா. செத்து ஒன்பது வருஷமாச்சு. எங்க போகச் சொல்றே?’ன்னார்.”

இயக்குநர் கோப்பை மூடி ஓரமாக வைத்தார்.

“போட்டோ எடுத்தியா?”

கைபேசியை நீட்டினாள். திறந்த கதவுக்கு முன்னால் பெரியவர். பின்னால், உள்சுவரில், ஒரு வாலிபனின் படம். இயக்குநர் கைபேசியைக் கையில் வாங்கவில்லை.

“சரி. ஆள் ஒண்ணுன்னு போட்டுக்கோ.”

“போட்டுட்டேன், சார்.” கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். “அவர்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல... சுவர்ல படத்துல இருக்கிறது நீங்கதான்னு.”