அரக்கு எது?

"முதுகுல காத்து அடைச்ச டப்பா, வாயில ரப்பர் குழாய். தண்ணிக்குள்ளயே சாவகாசமா மூச்சு விட்டுக்கினு இருக்கலாம். பயப்படாத தங்கச்சி," என்றான் சிட்டிபாபு.

தேவகி காப்பி டம்ளரை அவன் முன்னால் வைத்தாள். "உங்களுக்கு என்னாண்ணா, சொல்லிட்டுப் போயிடுவீங்க. கடல்ல இறங்கப் போறது இவரு."

சிட்டிபாபு மெட்ராஸில் ஒரு கல்லூரியில் விலங்கியல் பிரிவில் உதவியாளன். பங்குனி உத்திரம் முடிந்ததும் அங்கிருந்து புரொபசர்கள் பவளப்பாறை பார்க்க மண்டபம் கடற்கரைக்குப் போகிறார்கள். நீச்சல் தெரிந்த ஆள் ஒருவன் துணைக்கு வேண்டும், அவனுக்கும் கடலுக்குள் இறங்கக் கற்றுத் தருவார்கள் என்று சேதி கொண்டு வந்திருந்தான். சின்ன வயதில் தென்னேரி ஏரியில் அவனோடு பந்தயம் கட்டி மூழ்கி அடிமண்ணை அள்ளி வந்தவன் தேவகியின் கணவன் சம்பந்தம்.

"தண்ணி ஜில்லுனு இருக்குமாடா?" சம்பந்தம் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டான்.

"வெந்நி மாதிரி இருக்கும். டாக்டர் ஒருத்தர் காது, நெஞ்செல்லாம் பாத்துட்டுத்தான் இறங்கவே விடுவாரு."

"கண்ணு?"

"தலைமுடி மாதிரி இருக்கிற பட்டு நூலு அறுந்தா எட்ட இருந்தே கண்டுபிடிக்கிற. உன் கண்ணுக்கு என்னாடா கேடு?"

சம்பந்தம் ஊடு நூல் சுற்றிய நாடாவைத் தள்ளினான். அது இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடியது.

"கீழ அப்படி என்னாண்ணா இருக்குது?" என்றாள் தேவகி.

"மீனு, பாறை, பாசி. ஒரு வேடிக்கை கேளு. ஆழத்துக்குப் போகப் போக சிவப்பு மட்டும் தெரியாது. வெளிச்சம் அந்தக் கலரை அவ்ளோ தூரம் கொண்டாந்து சேர்க்காதாம். நீ அரக்குப் புடவை கட்டிக்கினு இறங்கினாகூட கருப்பாத்தான் இருக்கும்."

நாடாவின் சத்தம் நின்றது.

"யாருக்குமே தெரியாதா?" என்றான் சம்பந்தம்.

"புரொபசருக்கே தெரியாதுடா."

"அப்ப எனக்கு ஒரு எடம் போட்டு வெய்."

சிட்டிபாபு பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனான். தேவகி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகிறது. கடல் என்ன தென்னேரி ஏரியா?

அவள் திருப்புட்குழியில் பயிர் வைக்கிற வீட்டுப் பெண். தறிக்குப் புதுசு. அதனாலேயோ என்னவோ, வந்த நாளாகத் தினமும் காலையில் சம்பந்தம் அவள் மடியில் நூல் கண்டுகளைப் போட்டுவிட்டு, "இதுல அரக்கு எது? பச்சை எது? உன் கையால எடுத்துக் குடு," என்பான். குழந்தைகூடச் சொல்லுமே என்று முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. அப்புறம் அந்தப் பரீட்சையே பிடித்துப் போனது. இதுவரை ஒருமுறையும் அவள் தப்பாக எடுத்துக் கொடுத்ததில்லை. பொண்டாட்டி கை பட்டால்தான் சம்பந்தத்துக்குத் தறி ஓடும் என்று தெருவே கேலி செய்தது. தேவகி வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக் கொடுத்தவள் அவன் தங்கை. அவள் கல்யாணமாகிப் போன மறுமாதமே சம்பந்தம் அவசரமாகப் பெண் பார்க்க வந்துவிட்டான்.

ஒருமுறை தேவகி அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, அரக்குக் கரையில் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை ஓடியிருந்தது. "உன் நெனப்புலயே நெய்துட்டேன்," என்று தலையைச் சொறிந்துகொண்டு மெனக்கெட்டுப் பிரித்தான். அவள் வெட்கப்பட்டு அதை யாரிடமும் சொல்லவில்லை.

இவ்வளவு ஆசை வைத்திருக்கிறவன் இப்போது கடலுக்குள் இறங்குகிறேன் என்கிறான்.

"முகூர்த்தப் புடவை தறியில கெடக்குது," என்றாள்.

"உத்திரத்துக்கு முன்னாடி நெய்து அறுத்துக் குடுத்துடுவேன்."

"மீன் பாக்கணும்னா பாலாத்துல தண்ணி வர்றப்ப போயி பாருங்க. யாரு வேணான்னது?"

அவன் சிரித்தான். "மீன் எதுக்கு எனக்கு?"

"அப்ப வேற எதுக்கு? காரணத்த சொல்லுங்க. சரின்னு பட்டா நானே புளிசாதம் கட்டிக் குடுத்து ரயிலேத்தி உடறேன். இல்லன்னா, நாளையிலேருந்து உங்க நூல நீங்களே எடுத்துக்குங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். சம்பந்தத்தின் முகம் வாடிவிட்டது.

"அப்படிச் சொல்லாத தேவகி."

"பின்ன சொல்லுங்க."

அவன் பலகையில் இருந்த இரண்டு கண்டுகளை எடுத்தான். ஒன்று அரக்கு, ஒன்று பச்சை. இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"சிட்டிபாபு சொன்னான் இல்ல, கீழ போனா சிவப்பு தெரியாதுன்னு."

"ஆமா. அது தெரியாத எடத்துல போயி என்னாத்த பாக்கப் போறீங்க?"

சம்பந்தம் இரண்டு கண்டுகளையும் அவள் மடியில் வைத்தான்.

"எனக்குப் பொறந்ததுலேருந்து இங்கியே தெரியாது, உன்னைக் கேட்டுக் கேட்டுத்தான் பொழப்ப ஓட்டிக்கினு இருக்கேன்," என்றான் மெதுவாக. "அங்க யாருக்கும் தெரியாதாமே, ஒரே ஒரு தடவ எல்லாரும் பாக்கறத நானும் பாத்துட்டு வந்துடறேன்மா."