ஐ ரீட் யூ

"டீச்சர், ரீட்னா என்ன அர்த்தம்?"

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் இளவேனில், கடிக்கப்போன வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"ஏம்ப்பா இஷாக், மூணு மாசம் என்கிட்ட படிச்சிட்டு இதைக் கேக்குறியே! வெளிய யார்கிட்டயும் கேட்டுராத, என் போர்டைக் கழட்டிருவாங்க. ரீட்னா படிக்கிறது."

"அது தெரியும் டீச்சர். இந்த எடத்துல என்ன அர்த்தம்?"

இஷாக் போனை நீட்டினான். மேலே இருந்த பன்னிரண்டு வரிகளைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டான். கீழே, பாஸிலாவின் எண்ணிலிருந்து வந்த பதில்: 'ஐ ரீட் யூ.' அவ்வளவுதான்.

அதே வகுப்பில் படித்தவள் பாஸிலா. இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளுடைய அத்தா, சித்தையன்கோட்டை மாப்பிள்ளை வீட்டுக்கு வாக்குக் கொடுக்கப்போகிறார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர்; சொன்ன வாக்கைத் திரும்ப வாங்குகிற ஆள் இல்லை. அதற்குள் இஷாக் தன் அம்மாவோடு போய்ப் பெண் கேட்க வேண்டும். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படிப் போவது? அதைக் கேட்டுத்தான் அந்தப் பன்னிரண்டு வரி.

"ரீடா, ரெடா?" என்றாள் இளவேனில். "ரெண்டுக்கும் எழுத்து ஒண்ணுதான். ரெட்னா படிச்சு முடிச்சாச்சு."

"ப்ளூ டிக் விழுந்துருச்சே. படிச்சதை எதுக்கு மறுபடி சொல்லணும்?"

"அதான். இது அந்த ரீட் இல்ல. கரண்டு மீட்டர் எரநூறு ரீட் பண்ணுதுன்னா, காட்டுதுன்னு அர்த்தம். எக்ஸ்ரேயை டாக்டர் ரீட் பண்ணா, எலும்பு எங்க ஒடஞ்சிருக்குன்னு சொல்றாரு. கையை ரீட் பண்ணா பலன் சொல்றது. லண்டன்ல லா ரீட் பண்றேன்னா வக்கீலுக்குப் படிக்கிறேன்னு."

"நான் மீட்டரும் இல்ல, எக்ஸ்ரேயும் இல்லையே டீச்சர்!"

"மனுசனை ரீட் பண்ணா இன்னும் மோசம்ப்பா. 'உன் மனசு எனக்குப் புரியுது'ன்னும் எடுத்துக்கலாம். 'உன் வண்டவாளம் எனக்குத் தெரியும், ஒதுங்கிக்க'ன்னும் எடுத்துக்கலாம்."

"நான் எதை எடுத்துக்க?"

"குரலைக் கேட்டாத்தான் தெரியும். போன் போட்டியா?"

"போட்டேன். கட் பண்ணிட்டா."

இளவேனில் வடையைக் கையில் எடுத்தாள். "அப்ப ரெண்டாவதாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கடித்தாள்.

இஷாக் படியிறங்கினான். பைக் சீட் கவர் தைக்கிற கடைக்குத் திரும்பியவன், கறுப்பு சீட்டுக்குச் சிவப்பு நூல் கோத்துத் தைத்துவிட்டுப் பிரித்தான். மணி மூன்றரை. இனியும் தாங்காது என்று வீட்டுக்குப் போய், அம்மா குர்ஷித் பேகத்திடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"ஏலே, எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றாள் அவள். "ஆனா வேணாம்னா 'நோ'ன்னு போட்டுருப்பா. அது எனக்கே தெரியும். மூஞ்சியைக் கழுவு, கெளம்பு."

பேகம்பூரில் அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி நாலே கால். திறந்தவர் பாஸிலாவின் அத்தா ஜமால் முகமது.

இஷாக், "அஸ்ஸலாமு அலைக்கும்" என்பதற்குள் மூன்று முறை திக்கினான்.

"வ அலைக்கும் ஸலாம். வாங்க தங்கச்சி, உக்காருங்க. வாங்க தம்பி" என்றார் ஜமால் முகமது, எதிர்பார்த்திருந்தவர்போல.

எதற்கு இந்த மனிதர் சிரிக்கிறார்? உட்கார்ந்த நாற்காலி நெருப்பாகச் சுட்டது.

தேநீர்த் தட்டோடு வந்த பாஸிலா அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். தம்ளர்கள் கிணுகிணுத்தன.

"இஷாக்! நீங்க எங்க இங்க?"

பதில் அனுப்பியவள் கேட்கிற கேள்வியா இது? தெரியாததுபோல் நடிக்கிறாளா? அத்தாவுக்குப் பயந்தா? இல்லை, ஒதுங்கிக்கொள் என்று சொல்லியும் கேட்காமல் வந்துவிட்டானே என்றா? அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்த்தாள்.

"நீ உள்ள போம்மா, செத்த நேரம் பேசிட்டுக் கூப்புடுறேன்" என்று மகளை அனுப்பிவிட்டு, ஜமால் முகமது நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"'உங்க அத்தாவுக்குத் தெரியாம எதுவும் வேணாம், என் அம்மாவோட வந்து மொறையாக் கேக்குறேன்'னு எழுதியிருந்தீங்க பாருங்க தம்பி, அந்த எடத்துலதான் சித்தையன்கோட்டைக்கு வேணாம்னு சொல்லிரலாம்னு முடிவு பண்ணேன்."

"அ... அதை உங்ககிட்ட காட்டிட்டாளா?"

"அவ எங்க காட்டுனா? போன வாரம் அவ புது நம்பர் வாங்கிட்டா, இந்தப் பழைய நம்பர் இப்ப என்கிட்ட இருக்கு. நான் இருபத்தெட்டு வருசம் போலீஸ் வயர்லெஸ்ல உக்காந்தவன், 'ஐ ரீட் யூ'ன்னா 'நீங்க சொன்னது தெளிவாக் கேட்டுச்சு'ன்னு அர்த்தம், எனக்குச் சம்மதம்... அந்தப் பன்னெண்டு வரியையும் அவளுக்கு நீங்க அனுப்புறீங்களா, நானே ஃபார்வர்டு பண்ணிரவா?"