ஒட்டகத்துக்கு இன்சுலின்

ஒரு மருந்துக் கிடங்கில் லேபிள் அடிக்கும் பிரிண்டர் ஒன்று இருந்தது. பொறுமை அதற்குத் துளியும் கிடையாது. கிடங்கை நடத்தும் கிளவுட் மென்பொருளுக்கு மாதாமாதம் அப்டேட் வரும். முதலில் மூலையிலிருந்த பழைய டேப்லெட் கணினிக்கு மட்டும்தான் வரும். அது பொய் ஆர்டர் போட்டுச் சோதித்த பிறகுதான் மற்ற இயந்திரங்களுக்கு.

இந்த மாதமும் டேப்லெட் ஆரம்பித்தது. "யானைக்கு இருமல் மருந்து, நாலு குடம்!"

லேபிளை அடித்துக் கொடுத்த பிரிண்டர் சிரித்தது. "ஏம்ப்பா, உனக்கு வேற வேலையே இல்லையா? எல்லாம் நல்லாத்தானே வருது. எல்லாருக்கும் அப்டேட்டைத் திறந்து விடேன்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. ஒட்டகத்துக்கு இன்சுலின்."

பிரிண்டர் அலுப்போடு அடித்தது. வெளியே வந்த லேபிளைப் பார்த்ததும் அதன் சிரிப்பு நின்றுபோனது. 'குளிரில் வைக்கவும்' என்ற வரியைக் காணோம். நிஜப் பெட்டி இப்படிப் போயிருந்தால் மருந்து வெயிலில் கெட்டு, யாரோ ஒரு நோயாளியின் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

"மென்பொருள்காரங்ககிட்ட சீக்கிரம் சொல்லுப்பா!" என்று பதறியது.

டேப்லெட் உடனே மென்பொருள்காரர்களுக்கு எழுதியது. மறுநாளே திருத்தி அனுப்பினார்கள். இரண்டும் சேர்ந்து புலி, கரடி, காண்டாமிருகம் என்று காட்டுக்கே இன்சுலின் அனுப்பிப் பார்த்தன. ஒவ்வொரு லேபிளிலும் அந்த வரி பளிச்சென்று இருந்தது.

திங்கட்கிழமை எல்லா இயந்திரங்களுக்கும் அப்டேட் இறங்கியது. ஒரு தடங்கலும் இல்லாமல் பெட்டிகள் மளமளவென்று கிளம்பின. மதியம் கிடங்கு மேலாளர் செண்பகவல்லி வந்து கேட்டார்: "அப்டேட் வரும்னாங்களே, இன்னும் வரலையா?"

பிரிண்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரும் கேட்காமலே கொஞ்ச நேரம் டர்ர்ரென்று ஓடியது.