கத்தரிக்கோலா, சங்கமா?

நாட்டின் பண மதிப்பு விழுந்தால் எல்லோருக்கும் நஷ்டம் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது பெரும்பிழை, உடனே திருத்தப்பட வேண்டியது. பணம் எந்தத் திசையில் பயணம் செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஊரிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற பணம் வழியிலேயே இளைத்துவிடும். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற பணமோ வழியிலேயே சதை போட்டுவிடும்.

ஒரு போதகர் தம்பதி வெளிநாட்டில் ஊழியம் செய்துகொண்டிருந்தது முதல் வகைப் பணத்தில். ஊரிலுள்ள மிஷன் சங்கம் மாதாமாதம் அதே தொகையைத்தான் அனுப்பியது. வந்து சேரும்போது அது பாதியாக இருந்தது.

சங்கச் செயலாளர் ஊரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டியபோது, போதகரின் மனைவி சமையலறையில் ஒரு பஸ் டிரைவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார்.

"கேள்விப்பட்டப்ப நான் நம்பலை, சிஸ்டர்" என்றார் செயலாளர்.

"இப்ப நம்பலாம் ஐயா. முடி கிடக்குது, பார்த்து வாங்க, வழுக்கும்."

"ஊழியர் குடும்பத்துல யாரும் வேற வருமானம் தேடக் கூடாது. சங்க விதி. தெரியும்ல?"

"தெரியும். அந்த விதியை எழுதினப்ப நம்ம பணம் நிமிர்ந்து நின்னுச்சு. இப்ப அது படுத்துக்கிச்சு. விதி மட்டும் இன்னும் நின்னுக்கிட்டே இருக்கு, பாவம்."

டிரைவருக்கு நம் மொழி தெரியாது. சண்டை தெரியும். மெல்ல எழப் பார்த்தார். அந்த அம்மாள் பாதி வெட்டிய தலையை அழுத்தி உட்கார வைத்தார்.

"விசுவாசத்தோட காத்திருக்கணும், சிஸ்டர்."

"விசுவாசம் நிறைய இருக்கு ஐயா. வீட்டுக்காரர்தான் அதை வாடகையா வாங்கிக்க மாட்டேங்கிறார்."

"அப்ப இந்த வருமானம் வாடகைக்கா?"

"இல்லை. ரெண்டு அறையில ஒண்ணை விட்டுட்டோம். பாஸ்டர் பஸ்ல போறதை விட்டுட்டு நடக்கிறார். வர்ற பாதியில எங்க பிழைப்பு நடக்குது."

"பின்னே, முடி வெட்டுற காசு எங்கே போகுது?"

"போக வேண்டிய இடத்துக்குப் போகுது."

செயலாளர் ஒரு தலையசைப்பில் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டார். அப்போதுதான் உள்ளே வந்த போதகர் ஷூவைக் கழற்றினார். ஓட்டையை அடைக்க உள்ளே வைத்திருந்த அட்டையும் கூடவே வந்தது. செயலாளர் அதைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"புருஷன் இந்தக் கோலத்துல! நீங்க தனியா சேர்த்து வைக்கிறீங்க. சிஸ்டர், எங்கேயோ இருக்கிற யாரோ ஒருத்தர், பேர்கூடச் சொல்லாம, மாசா மாசம் வெளிநாட்டுப் பணம் அனுப்புறார். நம்ம ஊழியர் பிள்ளைங்க விடுதிக்குன்னு. ஊர்ல விலைவாசி ஏறினதுல அங்கே பாலையும் முட்டையையும் நிறுத்தியிருந்தோம். அவரால திரும்பவும் கொடுக்கிறோம். நம்ம பணம் விழ விழ, அவர் அனுப்புறது பெருகுது! அவர் மனசு எங்கே, நீங்க எங்கே?"

கத்தரிக்கோல் நின்றது.

"எல்லாமே பிள்ளைங்களுக்குத்தான் போகுதா, ஐயா?"

"பெரும்பாலும். நிர்வாகச் செலவுன்னு ஒண்ணு இருக்கே. இதோ, நான் வந்த விமான டிக்கெட்கூட அவர் தயவுதான்."

"டிக்கெட்டுக்குன்னு அவர் அனுப்பலையே."

"அவர் என்ன வந்து கேட்கவா போறார்?"

கத்தரிக்கோல் மறுபடி ஓடியது. முன்னைவிட வேகமாக. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"முடிவா கேட்கிறேன்" என்றார் செயலாளர். "கத்தரிக்கோலா, சங்கமா?"

"கத்தரிக்கோல்."

"இந்த மாசத்தோட உதவி நிக்கும்."

"நிக்கட்டும். ஊழியத்துக்கு எங்களைக் கூப்பிட்டது சங்கம் இல்லை. அனுப்பினது மட்டும்தான் சங்கம்."

செயலாளர் போதகர் பக்கம் திரும்பினார். "பாஸ்டர், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க."

போதகர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "எனக்கும் இவங்கதான் வெட்டுறாங்க, ஐயா."

செயலாளர் போய்விட்டார். டிரைவர் கண்ணாடியில் காதுகள் இரண்டும் இருப்பதை உறுதி செய்துகொண்டு, காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

போதகர் துடைப்பத்தை எடுத்து முடியைக் கூட்டத் தொடங்கினார்.

"பணம் அனுப்புற அந்த ஆள் நீதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா மன்னிச்சிருப்பார்."

"நல்லதுதானே?"

"அவர் மன்னிப்பு எனக்கு எதுக்குங்க? அந்த மூலையில இன்னும் முடி கிடக்குது, பாருங்க."

மறுநாள் அந்த டிரைவர் பணிமனையிலிருந்து நான்கு பேரை அழைத்து வந்தார்.

மாதக் கடைசியில் விடுதிக் காப்பாளருக்குப் பால், முட்டைக்கான பணம் நேராக வந்து சேர்ந்தது. சங்கத்துக்கு ஒன்றும் வரவில்லை.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், பெயர் தெரியாத அந்த விசுவாசிக்கு உடம்புக்கு என்னவோ ஏதோ என்று கவலைப்பட்ட செயலாளர், எல்லோரையும் முழங்கால் போடச் சொல்லி, அவர் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று கண்ணீரோடு ஜெபித்தார்.