வேர் செய்த வேலை

டாக்டர் இரண்டாம் முறையும் பிரஷர் பார்த்தார். பட்டையைக் கழற்றும்போது அவர் முகம் சரியில்லை.

“நூத்தி எண்பத்தஞ்சு. போன மாசம் நூத்தி முப்பதுதானே இருந்தது? நான் எழுதினது தவிர வேற ஏதாவது சாப்பிடறீங்களா?”

கணவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். மனைவி கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“ஏதோ மூலிகை வேராம் டாக்டர். பிரஷருக்கும் தூக்கத்துக்கும் நல்லதுன்னு ஆபீஸ்ல யாரோ சொன்னாங்களாம். பொடியை அடைச்ச கேப்சூல், தினம் ரெண்டு. தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல.”

“ஆனா நல்லா வேலை செய்யுது டாக்டர்,” என்றார் கணவர். “அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். உடம்பு பஞ்சா இருக்கு.”

“பிரஷர் பஞ்சா இல்லையே. வேர்னா கெடுதல் பண்ணாதுன்னு யார் சொன்னது? இதுதான் ஏத்தி விட்டிருக்கு. இன்னையோட நிறுத்துங்க.”

“இது ஏத்தியிருக்காது டாக்டர்,” என்றாள் மனைவி.

கணவர் அவளை வியப்போடு பார்த்தார். ஒரு மாதமாக அந்த டப்பாவைக் கண்டாலே எரிந்து விழுந்தவள் அவள்.

அவள் நிமிரவில்லை. “வாங்கின அன்னைக்கே பயந்துபோய் எல்லா கேப்சூலையும் பிரிச்சு, பொடியைக் கொட்டிட்டு, கோதுமை மாவை அடைச்சு வெச்சுட்டேன். இவர் ஒரு மாசமா சாப்பிடறது அதைத்தான்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப பிரஷர் ஏன் ஏறுச்சு?”

கணவர் மனைவி பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“வேர்தான் இவ்வளவு நல்லா வேலை செய்யுதேன்னு… இவ தினமும் எடுத்துக் குடுத்த பிரஷர் மாத்திரையை வாஷ்பேசின்ல போட்டுட்டிருந்தேன்.”